வென்டிலேட்டர் கழற்றியாச்சு, இனிமே சாப்பிடலாமா?

ஐசியுவில் கிடந்து பிழைத்து வந்த பெரியவர்களைப் பார்க்க நம்ம பக்கத்தில் யாரும் வெறுங்கையோடு வருவதில்லை. ஹார்லிக்ஸ், ஆரஞ்சு, ரொட்டி, கொஞ்சம் உரிமை உள்ளவர்கள் என்றால் தூக்குச்சட்டியில் ஆட்டுக்கால் சூப். கொடுத்துவிட்டுப் போனால்கூடப் பரவாயில்லை, கட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்து “ஒரு வாய் குடிங்க மதினி, தெம்பா இருக்கும்” என்று தங்கள் கையாலேயே புகட்டிவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். எங்கள் அத்தை (மாமியாரைத்தான் சொல்கிறேன்) நிமோனியா முற்றிப் பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் வென்டிலேட்டரில் இருந்து, மீண்டு, அம்பாசமுத்திரம் வீட்டுக்கு வந்த பிறகு இங்கே நடந்த சண்டையில் முக்கால்வாசி இந்தப் புகட்டலை ஒட்டித்தான். நான் டாக்டர் இல்லை. ஸ்பீச் தெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்தது, அப்புறம் நானாகத் தேடிப் படித்தது, அடுப்படியில் கைப்பழக்கமாக வந்தது, இதைத்தான் எழுதுகிறேன்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் மாத்திரை பெயர்களே ஒரு பக்கம் இருந்தது. சாப்பாட்டுக்கு இரண்டே வார்த்தை: மென்மையான உணவு. இவர்களால் விழுங்க முடிகிறதா என்று யாரும் பார்த்ததாக அதில் ஒரு வரி இல்லை. வீட்டுக்கு வந்து கஞ்சித் தண்ணியும் ரசமுமாகக் கொடுத்தோம். பெரிதாக இருமலும் இல்லை. ஆனால் சாப்பிட்டு முடித்ததும் குரல் மட்டும் ஈரமாக, தொண்டைக்குள் தண்ணி நிற்கிற மாதிரி களகளவென்று கேட்கும். சாயந்திரமானால் லேசாக உடம்பு சுடும். ஒரு கிண்ணம் கஞ்சிக்கு முக்கால் மணி நேரம் ஆகும், பாதியில் “போதும்டி” என்று விடுவார்கள். எல்லாரும் இதைக் களைப்பு, வயசு என்றோம். மறுபடி நெஞ்சில் சளி கட்டி வேறொரு ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அங்கே இருந்த டாக்டரம்மா அந்தக் குரலைக் கேட்ட உடனேயே ஸ்பீச் தெரபிஸ்டை வரச் சொல்லிவிட்டார்.

அத்தைக்கு அது பிடிக்கவில்லை. “எனக்குப் பேச்சு ஒழுங்காத்தான வருது, இந்தத் தம்பி எதுக்கு வந்திருக்கு?” என்று அவர் முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். அவர் சிரித்துக்கொண்டு, பேச்சுக்கும் விழுங்குவதற்கும் ஒரே தொண்டைதான் ஆச்சி, ரெண்டையும் நாங்கதான் பார்ப்போம் என்றார். இந்த விஷயம் நம்மில் பலருக்குத் தெரியாது. விழுங்குவதில் தொந்தரவு என்றால் பார்க்க வேண்டிய ஆட்களில் ஸ்பீச் தெரபிஸ்ட் முக்கியமானவர்.

தொண்டையில் மூச்சுக்கும் சாப்பாட்டுக்கும் கொஞ்ச தூரம் ஒரே வழி. சாப்பாடு வரும்போது, ரயில் வர கேட் போடுகிற மாதிரி, மூச்சுக்குழாய் வாசல் அடைபட வேண்டும். குரல்வளை மேலே எழும்பும், குரல் நாண்கள் ஒட்டிக்கொள்ளும், குரல்வளை மூடி கவிழும், மூச்சு ஒரு கணம் நிற்கும். முப்பதுக்கு மேற்பட்ட தசைகளும் மூளையிலிருந்து வரும் ஐந்து ஜோடி நரம்புகளும் சேர்ந்து ஏறக்குறைய ஒரு நொடியில் இதை முடிக்கின்றன. வென்டிலேட்டருக்காக வாய் வழியே போடும் டியூப் அந்தக் குரல் நாண்களுக்கு நடுவில்தான் போகிறது. நாள்கணக்கில் அங்கேயே இருந்தால் புண்ணாகும், வீங்கும், அந்த இடத்தில் உணர்ச்சி மந்தமாகும். டியூப் இருக்கிற வரை விழுங்குகிற வேலையும் இல்லை, சும்மா கிடக்கிற தசை வெகு சீக்கிரம் இளைத்துவிடும். வயசானவர்களுக்கு ஏற்கெனவே தசை குறைவு, பல் இல்லை, எச்சில் குறைவு. ஐசியுவில் வருகிற புத்திக் குழப்பம் வேறு, வாயில் சோறு இருப்பதே சில சமயம் ஞாபகம் இருக்காது. மூச்சு வாங்குகிறவர்களுக்கு மூச்சை நிறுத்தி விழுங்குவதே பெரிய பாடு. இரண்டு நாளைக்கு மேல் டியூப் இருந்தவர்கள் என்றால் கூடுதல் கவனமாகப் பார்க்கச் சொல்கிறார்கள்.

இது அபூர்வமான கேஸ் ஒன்றும் இல்லை. சுவிட்சர்லாந்தில் பெர்ன் நகரத்து ஆஸ்பத்திரியில் வென்டிலேட்டரிலிருந்து எடுத்த எல்லாரையும் முறையாகச் சோதித்து 2017ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். கணக்கில் எடுத்த 933 பேரில் 12.4 சதவீதம் பேருக்கு அந்தச் சோதனையில் விழுங்குவதில் கோளாறு தெரிந்தது, அதில் பாதிப்பேர் டிஸ்சார்ஜ் ஆகும்போதும் அதோடுதான் போனார்கள். எட்டுப் பேருக்கு ஒருவர். அங்கே எல்லாரையும் சோதித்ததால் தெரிந்தது. சோதிக்காத இடத்தில் அது “வயசாயிட்டு, சாப்பாடு இறங்கல” என்ற கணக்கில் போய்விடும்.

நம்ம ஊரில் புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்போம், தலையில் இரண்டு தட்டு தட்டுவோம். புரையேறுவது உண்மையில் நல்ல காவல். தப்பான வழியில் ஒரு துளி போனதும் இருமி வெளியே தள்ளுகிறது. பயப்பட வேண்டியது அது வராதபோதுதான். உணர்ச்சி மந்தமான தொண்டையில் தண்ணியும் எச்சிலும் சத்தமில்லாமல் நுரையீரலுக்குள் இறங்கும், இருமல் வராது, முகம்கூடச் சுளிக்காது. எங்கள் அத்தைக்கு நடந்தது இதுதான். அதனால்தான் “இருமலையே, அப்போ நல்லாத்தான் இறங்குது” என்று யாராவது சொல்லும்போது எனக்குச் சுருக்கென்கிறது. அதை வெளியிலிருந்து பார்த்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. மூக்கு வழியே மெல்லிய கேமரா விட்டு, கலர் கலந்த கஞ்சியையும் தண்ணியையும் விழுங்கச் சொல்லிப் பார்ப்பது ஒரு வழி. பேரியம் கலந்த உணவைக் கொடுத்து எக்ஸ்ரேயில் படம் ஓடுகிற மாதிரிப் பார்ப்பது இன்னொன்று. கட்டில் பக்கத்திலேயே 90 மில்லி தண்ணியை நிறுத்தாமல் குடிக்கச் சொல்லி, இருமலோ ஈரக் குரலோ வருகிறதா என்று பார்க்கும் ஒரு முதற்கட்டச் சோதனையும் இருக்கிறது. தயவுசெய்து அதை வீட்டில் நீங்களாகச் செய்து பார்க்காதீர்கள்.

அத்தைக்குக் கேமரா விட்டுப் பார்த்தபோது எனக்கும் திரையைக் காட்டினார்கள். நீலக் கலர் தண்ணி ஒரு மடக்கு. விழுங்குவதற்கு முன்னாலேயே அது நாக்கின் பின்பக்கம் வழிந்து, குரல் நாண்களுக்கு நடுவே நீலக் கோடாக இறங்கியது. அத்தை அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். அடுத்து அதே கலரில் கெட்டிக் கஞ்சி ஒரு ஸ்பூன். அது மெதுவாக வந்து, ஓரத்தில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டாலும், சரியான வழியில் போனது. முடியாதவர்களுக்குத் தண்ணியாகக் கொடுத்தால்தான் இறங்கும் என்று தலைமுறை தலைமுறையாக நம்பி வந்ததை அந்த ஒரு நிமிஷம் புரட்டிப் போட்டுவிட்டது. தண்ணி ஓடுகிற வேகத்துக்குத் தளர்ந்த தொண்டையால் வாசலை அடைக்க முடியவில்லை, விஷயம் அவ்வளவுதான்.

இதில் நம்ம ஊர்ப் பழக்கம் ஒன்று குறுக்கே நிற்கிறது. சொம்பை உதட்டில் படாமல் தூக்கி, அண்ணாந்து ஊற்றிக் குடிப்பது. தலை பின்னால் சாயும்போது மூச்சுக்குழாய் வாசல் இன்னும் திறந்துகொள்கிறது, தண்ணியும் நம் கட்டுப்பாட்டில் இல்லாமல் கொட்டுகிறது. நல்ல தொண்டைக்கு அது ஒரு வித்தை, தளர்ந்த தொண்டைக்கு ஆபத்து. அத்தைக்கு உதட்டில் வைத்துக் குடிப்பது எச்சில், தீட்டு, பெரிய மானக்கேடு. கடைசியில் அவர்களுக்கென்று தனி டம்ளர், தனி ஸ்பூன், வேறு யாரும் தொடக்கூடாது என்று ஒப்பந்தம் போட்ட பிறகுதான் சம்மதித்தார்கள். நேராக, முதுகுக்குத் தலையணை முட்டுக் கொடுத்து உட்கார வேண்டும். சாப்பிட்டு அரை மணி நேரமாவது படுக்கக் கூடாது. அத்தைக்குத் தாடையைக் கொஞ்சம் கீழே இறக்கி விழுங்கச் சொன்னார்கள், அது எல்லாருக்கும் ஒத்துவராதாம், பார்த்துத்தான் சொல்வார்களாம். சாப்பிடும்போது டிவி இல்லை, பேச்சு இல்லை. மெகா சீரியல் நேரத்தில் சாப்பாடு வைத்தால் வீட்டில் பூகம்பம் என்பதால் சாப்பாட்டு நேரத்தையே மாற்றிவிட்டேன்.

அப்புறம் அடுப்படி. உலகம் முழுக்கப் பொதுவாக 0 முதல் 7 வரை ஒரு படிநிலை வைத்திருக்கிறார்கள், 0 பச்சைத் தண்ணி, 7 நாம் சாப்பிடுகிற சாதாரணச் சாப்பாடு. அத்தைக்குக் குடிக்கிறது எல்லாம் 2ல் (லேசாகக் கெட்டியானது) இருக்க வேண்டும், சாப்பாடு 4ல் (கட்டியில்லாமல் மசித்து அரைத்தது). வீட்டிலேயே அளக்க முடியும்: ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்சில் கஞ்சியை நிரப்பி, நுனியை விரலால் அடைத்துப் பிடித்து, விரலை எடுத்துப் பத்து நொடி விட வேண்டும். மிச்சம் 4 மில்லிக்கும் 8 மில்லிக்கும் நடுவில் நின்றால் 2. எல்லா சிரிஞ்சும் ஒரே நீளம் இல்லை, பூஜ்யக் கோட்டிலிருந்து 10 மில்லி கோடு வரை 61.5 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்து வாங்குங்கள். மெடிக்கலில் இதைக் கேட்டபோது கடைக்காரத் தம்பி என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

கெட்டியாக்க அரிசி மாவுக் கஞ்சி போதும் என்றுதான் ஆரம்பித்தேன். ஆறினால் இன்னும் கெட்டியாகிறது, அது ஒரு தொந்தரவு. இன்னொன்றை தெரபிஸ்ட் சொல்லித்தான் கவனித்தேன். வாயில் வைத்த ஸ்பூனையே திரும்பத் திரும்பக் கிண்ணத்தில் விட்டால், எச்சிலில் உள்ள அமிலேஸ் மாவுச்சத்தை உடைத்து, அடியில் உள்ள கஞ்சி நீர்த்துப்போகிறது. முதல் ஸ்பூன் பத்திரம், கடைசி ஸ்பூன் தண்ணி. அதனால் ஒரு கிண்ணத்திலிருந்து சின்னக் கிண்ணத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கொடுக்கிறேன். சாந்தன் கம் என்ற பொருளில் செய்த கெட்டியாக்கும் பவுடர் கிடைக்கிறது, அது எச்சிலுக்கு அசையாது, காப்பியிலும் கலக்கலாம், விலைதான் கையைக் கடிக்கிறது. காப்பிக்கு மட்டும் அது, மற்றதுக்குக் கஞ்சி.

நம்ம ஊர்ச் சாப்பாட்டில் எது ஆகும், எது ஆகாது என்று யாரும் பட்டியல் எழுதி வைக்கவில்லை, ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ரசம் சாதம் வேண்டாம், தண்ணியும் பருக்கையும் தனித்தனியாகப் போகும், வாய் சோற்றை மென்றுகொண்டிருக்கும்போதே ரசம் தொண்டைக்குள் ஓடிவிடும். சாம்பாரில் ஊறிய இட்லியும் அப்படியே. நுங்கு வழவழவென்று இருக்கிறதே, சுலபமாக இறங்குமே என்று பக்கத்து வீட்டுச் சித்தி வாங்கி வந்தார்கள். வழுக்குவதும் ஆபத்து, உள்ளே இருக்கும் தண்ணி இன்னொரு ஆபத்து, வேண்டாம் என்றதும் அவர்களுக்குக் கோபம். ஐஸ்கிரீம் வாயில் போனதும் தண்ணிதான். உளுந்தங்களி நல்ல சத்து, ஆனால் கெட்டியாகக் கிண்டினால் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கருப்பட்டிப் பாகு கூட்டி, நல்லெண்ணெய் தாராளமாக விட்டு, தளரக் கிண்டி, ஸ்பூனில் எடுத்துச் சாய்த்தால் ஒட்டாமல் ஒரே கட்டியாக விழ வேண்டும். அந்தப் பதம் வரும் வரை அத்தையே அடுப்புப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து அதிகாரம் பண்ணினார்கள், “இன்னும் கொஞ்சம் எண்ணெய் விடுட்டி, உங்க அப்பன் வீட்டுச் சொத்தா போகுது” என்று.

சொதிதான் (எங்க ஊர்த் தேங்காய்ப்பால் குழம்பு) பெரிய பஞ்சாயத்து. திருநெல்வேலிக்காரியிடம் சொதி இல்லை என்று சொல்ல முடியுமா? குழைந்த சோறு, பாசிப்பருப்பு, காய் எல்லாம் சேர்த்துச் சொதியோடு மிக்சியில் அடித்து, வடிகட்டியில் தேய்த்து, ஒரே பதமாக்கிக் கொடுத்தேன். பார்க்க அழகாக இல்லை, மணம் அப்படியே இருந்தது. “இஞ்சித் துவையல் இல்லாம என்னட்டி சொதி” என்று அடுத்த குறை. தெரபிஸ்டிடம் போனில் கேட்டேன். நைசாக அரைத்து, நார் இல்லாமல் வடிகட்டி, ஸ்பூன் நுனியில் தொட்டு வைக்கலாம், புளிப்பு காரம் மாதிரி எடுப்பான ருசி சிலருக்கு விழுங்குகிற உணர்வைத் தூண்டிவிடும் என்றார். உப்புச் சப்பில்லாத பத்தியக் கஞ்சியை மாதக்கணக்கில் கொடுத்து, பெரியவர்கள் சாப்பிட மாட்டேன் என்கிறார்கள் என்று குறைபடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அல்வா பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். இழுபடும், ஒட்டும், வழுக்கும், மூன்றும் சேர்ந்தது. தெரபிஸ்ட் சரி என்கிற வரை கிடையாது.

வாய் சுத்தத்தைச் சாப்பாட்டுக்குச் சமமாகச் சொல்வேன். எப்படிப் பார்த்தாலும் கொஞ்சம் எச்சில் தப்பான வழியில் போகத்தான் செய்யும். அந்த எச்சிலில் கிருமி நிறைய இருந்தால் நிமோனியா வருகிற வாய்ப்பு கூடும். மூக்கு வழியே டியூப் போட்டுச் சாப்பாடு கொடுக்கிறவர்கள் வாயைக் கண்டுகொள்வதே இல்லை, வாய் வழியே சாப்பிடவில்லையே, எதற்குப் பல் தேய்க்க என்று. டியூப் இருந்தாலும் எச்சில் இறங்கும், வயிற்றிலிருந்து எதுக்களிக்கவும் செய்யும். தலைமாட்டை உயர்த்தி வைத்துக் கொடுப்பதும், காலையும் ராத்திரியும் வாயைச் சுத்தம் பண்ணுவதும் அவர்களுக்கும் கட்டாயம். எங்கள் அத்தைக்கு வெற்றிலை உண்டு. கன்னத்தில் அடக்கி வைத்த சக்கை அங்கேயே மறந்து கிடக்கும், படுத்த பிறகு உதிர்ந்து இறங்கும். வெற்றிலைச் செல்லத்தை ஒளித்து வைத்ததற்கு இன்றைக்கு வரை என்னைத் திட்டுகிறார்கள்.

மாத்திரையை இடித்துக் கலக்கி விடுவதும் கேட்டுத்தான் செய்ய வேண்டும். மெதுவாகக் கரைகிற மாதிரிச் செய்த மாத்திரைகளையும், வயிற்றில் கரையாமல் இருக்க மேலே பூச்சு போட்டவற்றையும் இடிக்கக் கூடாது. திரவமாகவோ வேறு வகையாகவோ கிடைக்குமா என்று கேட்டால் மாற்றி எழுதித் தருவார்கள்.

தண்ணி விஷயத்தில் ஒரு மறுபக்கமும் உண்டு. கெட்டித் தண்ணி தாகத்தைத் தணிப்பதில்லை. அத்தை பாதி டம்ளரோடு நிறுத்திவிடுவார்கள், மூத்திரம் மஞ்சளாகப் போகும், மலச்சிக்கல் வேறு. “ஏட்டி, ஒரே ஒரு மடக்கு ஆத்துத் தண்ணி தாட்டி” என்று தாமிரபரணிக் கரையில் பிறந்து வளர்ந்த மனுஷி கேட்கும்போது மனசு என்ன பாடுபடும். அமெரிக்காவில் ஃப்ரேசியர் என்ற மறுவாழ்வு மையத்தில் ஆரம்பித்த ஒரு முறை இருக்கிறது: சாப்பாட்டோடு இல்லாமல், வாயை நன்றாகச் சுத்தம் செய்த பிறகு, சாப்பாட்டுக்கு இடைப்பட்ட நேரத்தில் வெறும் தண்ணி மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக. எல்லாருக்கும் இது பொருந்தாது. இதைப் பற்றி நான்தான் தெரபிஸ்டிடம் கேட்டேன், நெஞ்சில் சளி தெளிந்த பிறகு ஸ்பூன் அளவில் அனுமதித்தார். கேட்காவிட்டால் கிடைத்திருக்காது.

பயிற்சிகளும் சொல்லித் தந்தார்கள், முழுப் பலத்தோடு அழுத்தி விழுங்குவது, படுத்தபடி தோளைத் தூக்காமல் தலையை மட்டும் தூக்கிக் கால் விரலைப் பார்ப்பது. கழுத்துவலிக்காரர்கள், பிரஷர் உள்ளவர்கள் இதைக் கேட்காமல் செய்யக் கூடாது. அத்தை முதல் வாரம் ஏமாற்றினார்கள், அப்புறம் என் பையன் கூடப் படுத்துச் செய்ய ஆரம்பித்ததும் போட்டியாகிவிட்டது. தேறுமா என்று கேட்டால், பெரும்பாலும் தேறும். நுரையீரல் கடுமையாகப் பாதித்து வென்டிலேட்டரிலிருந்து பிழைத்தவர்களை ஐந்து வருஷம் தொடர்ந்து பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், விழுங்குவதில் சிரமம் என்று சொன்னவர்களில் பாதிப்பேர் மூன்று மாத அளவில் சரியானார்கள், கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவான பேருக்கு ஆறு மாதத்தையும் தாண்டியது, ஐந்து வருஷ முடிவில் எல்லாருக்கும் சரியாகியிருந்தது. அதில் இருந்தவர்கள் எல்லாரும் நம் வீட்டுப் பெரியவர்கள் வயசில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அத்தை இப்போது 4லிருந்து 5க்கு ஏறியிருக்கிறார்கள், அதாவது நன்றாக நறுக்கிக் குழைத்தது.

புரையேறிவிட்டால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இருமுகிறார்கள் என்றால் இருமவிடுங்கள், முன்னால் சாய்த்துப் பிடியுங்கள், தலையில் தட்ட வேண்டாம், தண்ணி ஊற்றவே வேண்டாம். இருமல் சத்தமே வராமல், பேச முடியாமல், முகம் நீலம் பாய்ந்தால் முன்னால் குனியவைத்து இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே உள்ளங்கை அடிப்பாகத்தால் ஓங்கி ஐந்து தட்டு, அதற்கும் வராவிட்டால் பின்னால் நின்று தொப்புளுக்கு மேலே மடக்கிய கைமுஷ்டியை வைத்து உள்ளேயும் மேலேயுமாக ஐந்து அழுத்து, மாற்றி மாற்றி, அதற்குள் இன்னொருவர் 108க்குப் போன் போட வேண்டும். வீட்டில் இரண்டு பேராவது இதை நேரில் யாரிடமாவது கற்றுக்கொள்வது நல்லது.

டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் பில் கட்டுகிற அவசரத்தில் இருப்பீர்கள், தெரியும். இருந்தாலும் நின்று கேளுங்கள்: விழுங்குவதைச் சோதித்தீர்களா, யார் சோதித்தது, தண்ணி எந்தப் பதத்தில், சாப்பாடு எந்தப் பதத்தில், திரும்ப எப்போது பார்ப்பீர்கள். எழுதியும் வாங்கிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே வீட்டுக்கு வந்துவிட்டவர்களுக்கு ஈரக் குரலோ, விட்டு விட்டுக் காய்ச்சலோ, எடை குறைவோ இருந்தால் ஸ்பீச் தெரபிஸ்ட் உள்ள இடமாகப் பாருங்கள். யாரைப் பார்ப்பது என்று தெரியாவிட்டால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரியில் (திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி) காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது, அங்கே போய்க் கேட்கலாம். போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரியோடு, வீட்டில் தினமும் கொடுக்கிற கஞ்சியையும் காப்பியையும் அதே பதத்தில் ஒரு தூக்குச்சட்டியில் எடுத்துப் போங்கள், அவர்கள் கொடுக்கிறதை விழுங்குவது வேறு, நாம் கொடுக்கிறதை விழுங்குவது வேறு.